மாதம் எவ்வளவு

கல்லடியில், பாலத்துக்கு இந்தப் பக்கம், மேல்வீடு.
வங்கியில் வேலை செய்கிற பிள்ளை.
தேத்தண்ணி தந்தாள், சீனி எவ்வளவு என்று கேட்டுத்தான்.
பிறகு கேட்டாள்:
"மாசம் எவ்வளவு எதிர்பாக்கிறீங்க அன்ரி?"

நான் பிரிட்ஜைப் பார்த்தேன்.
கதவில் காந்தம் வைத்து ஒட்டிய தாள்:
பால்மா, பம்பர்ஸ், ஊசி போட்டுவர ஓட்டோ,
பிரைவேட் டொக்டர்,
இன்டர்நெட், அதுவும் பிள்ளைக்குத்தானாம்,
தகப்பன் கட்டாரில் இருந்து முகம் பார்க்க.
கடைசி வரி வெறுமையாய்க் கிடந்தது.
அது நான்.

என்ன விலை சொல்ல?

படுவான்கரையில் என் அம்மா ஏழு பெற்றாள்.
கணக்கு வைக்கத் தெரியாது, வைக்கக் கொப்பியும் இல்லை.
ஒரு பிள்ளை கூடினால் கஞ்சிக்கு ஒரு செம்பு தண்ணீர் கூடும்.
மூத்தவன் போட்ட சட்டை ஐந்தாவது உடம்பில் கிழிந்தது.
செலவில்லாமல் வளர்ந்த ஆக்கள் நாங்கள் என்று
தம்பி இப்போதும் கலியாண வீடுகளில் சொல்லுவான்.
ஏழில் இரண்டு நிற்கவில்லை.
ஒன்று வயிற்றோட்டம்.
மற்றது, ஆஸ்பத்திரிக்கு வள்ளம் கிடைக்காத ஒரு இரவு.
அதை யார் எந்தக் கொப்பியில் எழுத?

என் விலை எனக்குத் தெரியும்.
தொண்ணூற்று நாலில் மாதம் நாற்பது தினார்.
முதல் மூன்று மாதம் ஏஜென்சிக்காரனுக்கு.
சால்மியாவில் ஒரு வீடு, ஃபஹத் என்றொரு பொடியன்.
அவனுடைய முதல் பல் என் விரலைத்தான் கடித்தது.
நாற்பதில் பாதியை அக்காவுக்கு அனுப்பினேன்
என் மகளைப் பார்க்க.
ஒரு பிள்ளையை வளர்க்க நாற்பது வாங்கி
ஒரு பிள்ளையை வளர்க்க இருபது கொடுத்தேன்.
மிச்சம் இருபதும் கல்லும் சீமெந்துமாய்
ஆரையம்பதியில் நிற்கிறது.
எங்கள் பக்கம் பெண்பிள்ளை என்றால் ஒரு வீடு, தெரியும்தானே.

அக்கா ஒழுங்கானவள். கடிதத்தில் சதம் சதமாய் எழுதுவாள்:
செருப்பு, காய்ச்சல் மருந்து, நேர்சரிக் காசு.
ஒருமுறை கூட்டுத்தொகைக்குக் கீழே:
'உன்னைக் குவைத் அம்மா எண்டு சொல்லப் பழகிற்றாள்.'
அந்த வரிக்கு நேரேயும் ஏதாவது போட்டிருக்கிறாளா என்று
லைட்டுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன்.

மகள் இப்போது வத்தளையில்.
கலியாணம் முடித்து ஆறு வருசம்.
"ஒண்டு போதும் அம்மா, அதுவும் லோன் முடியட்டும்" என்கிறாள்.
போனில் ஒரு அட்டவணை காட்டினாள்,
பதினெட்டு வயதுவரை, விலையேற்றமும் சேர்த்து.
பிறக்காத பிள்ளைக்கு நீச்சல் வகுப்பும் இருக்கிறது அதில்.
நான் சிரிக்கவில்லை.
கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது.
அவளுக்கென்று கட்டின வீட்டில் டியூஷன் நடக்கிறது.
ஆர் ஆரோ பெற்ற நாற்பது பிள்ளைகள்
பின்னேரங்களில் வாய்ப்பாடு கத்துகின்றன.
வாடகை அவளுடைய லோனுக்கு.

"அன்ரி?"

அறையில் பிள்ளை எழும்பிக் கத்தினான்.
அவள் போனில் கமராவைத் திறந்தாள்.
நான் போய்த் தூக்கிவிட்டேன்.
தோளில் போட்டு முதுகைத் தட்டத் தட்ட
வாய் தன்பாட்டில் சொல்லிற்று:
"தஆல் ஹபீபி, நாம், நாம்."
தமிழில் என்ன சொல்லுவது என்று யோசித்தேன்.
வரவில்லை.

"என்ன பாஷை அன்ரி அது?"
"வேலைப் பாஷை, மகள்."

பிள்ளை அடங்கினான்.
கழுத்தடியில் அவன் மூச்சு, பால்மா மணம்.
இந்த நேரத்தில் கேட்டால் குறைத்துத்தான் சொல்லுவேன்;
அது எனக்குத் தெரியும், அதனால்
தொட்டிலில் கிடத்திவிட்டு வந்து சொன்னேன்:
"இருபத்தெட்டு. பஸ் காசு வேற.
ஞாயிறு வர ஒண்ணா."

அவள் முகத்தில் ஒரு கூட்டல் ஓடிற்று.
வங்கிக்காரி, சட்டென்று முடித்தாள்.
"ஓம்" என்றாள்.
பேனையெடுத்து, பெயர் கேட்டு,
கடைசி வரியில் எழுதினாள்:

நேசம்மா 28,000.